பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

ஒரு வகுப்பின் கலைத்திட்டத்தை, அதாவது எதை, எதற்காக, எவ்வளவு நேரம் கற்பிப்பது என்ற திட்டத்தை, திருத்தி எழுதும் குழுவில் ஒரு முறை என்னையும் சேர்த்திருந்தார்கள். மொத்தம் ஐந்து நாள் வேலை. முதல் இரண்டு நாள், நோக்கங்களைச் சொல்லும் முதல் பக்கத்திலேயே போயிற்று. 'நல்ல குடிமக்களை உருவாக்குதல்' என்று போடுவதா, 'பொறுப்புள்ள குடிமக்களை' என்று போடுவதா என்று ஆரம்பித்தது. 'உருவாக்குதல்' என்றால் சட்டி பானை செய்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அதற்கு அரை நாள். நானும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். நான்காம் நாள் மதியம், டீ வருவதற்கு முன்னால் கால அட்டவணையை எடுத்தார்கள். கணக்குக்கு ஒரு பாடவேளை போதவில்லை, ஓவியத்துக்கு இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சரி என்றோம். 20 நிமிஷம்கூட ஆகவில்லை.

பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது அந்த 20 நிமிஷம்தான். முதல் பக்கத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு, ஒரு பள்ளிப் பாடம் சமூகத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நான் முதல் பக்கத்தைக் கடைசியில்தான் படிக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் 22 வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கோட்பாடுகளின் பெயரையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஒரு பாடநூலைக் கையில் கொடுத்து, 'இதை எழுதியவர் மனதில் எந்த மாதிரிச் சமூகம் இருந்தது?' என்று கேட்டால் முழிப்பார்கள். அந்த முழி தெளிய ஒரு சனிக்கிழமை போதும்.

வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வகுப்பு, ஒரு பாடம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். அந்தப் பாடநூல் (கிறுக்கினால் பரவாயில்லை என்கிற பிரதி), ஆண்டுத் தேர்வு வினாத்தாள், வகுப்பின் கால அட்டவணை, ஒரு பென்சில். இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய பதிப்பு பழைய புத்தகக் கட்டில் அகப்பட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தொல்லியல்காரராக உட்காருங்கள்

இந்த உத்தி என்னுடையது இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் 1859-இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த அறிவு மிகவும் மதிப்புடையது என்பதுதான் அதன் கேள்வி. நடுவில் ஒரு கற்பனை வருகிறது. நம் காலத்திலிருந்து பள்ளிப் புத்தகங்களும் வினாத்தாள்களும் மட்டும் மிஞ்சி, மற்றதெல்லாம் அழிந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலத்தில் ஒரு தொல்பொருள் ஆய்வாளர் அவற்றைப் புரட்டுகிறார். படித்தவர்கள் ஒரு நாள் பெற்றோர் ஆவார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. 'ஓகோ, இது துறவிகளுக்கான பாடத்திட்டம் போலிருக்கிறது' என்று முடிவு கட்டுகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்த சமூகத்தை ஒரு மணி நேரம் மறந்துவிட்டு, கையில் இருக்கும் காகிதங்களை மட்டும் வைத்து, இவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று ஊகியுங்கள்.

கால அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். நாளைக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 5 நாள் என்றால் மொத்தம் 40. எதற்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். எங்கள் குழு தொட்ட அட்டவணையில் கடைசியில் கணக்குக்கு 8, ஓவியத்துக்கு 1. ஐந்தில் ஒரு பங்கு ஒன்றுக்கு, நாற்பதில் ஒரு பங்கு இன்னொன்றுக்கு. அப்புறம் நேரத்தைப் பாருங்கள். காலை முதல் பாடவேளை யாருக்கு? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கும் நேரம் யாருக்கு? 'போர்ஷன் முடியவில்லை' என்று ஆசிரியர்கள் கடன் கேட்டு வாங்கும் பாடவேளை எது? திருப்பித் தரப்படாத அந்தக் கடன் எந்தப் பாடத்தின் தலையில் விழுகிறதோ, அதைச் சமூகம் எங்கே வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஸ்பென்சர் மனித வாழ்க்கையின் வேலைகளை ஐந்தாக வரிசைப்படுத்தினார்: உயிரைக் காப்பது, பிழைப்பைத் தேடுவது, பிள்ளைகளை வளர்ப்பது, சமூக அரசியல் உறவுகளைப் பேணுவது, கடைசியாக ஓய்வு நேரத்து ரசனை. உங்கள் 40 பாடவேளைகளை இந்த ஐந்தின் கீழே பிரித்துப் போட்டுப் பாருங்கள். நான் பார்த்த அட்டவணை எதிலும் மூன்றாவது கட்டத்தில் ஒன்றும் விழவில்லை. 1859-இல் அவர் கிண்டல் செய்த அதே கட்டம்! வரிசை சரியா என்று அவரோடு சண்டை போடலாம். பிள்ளை வளர்ப்புக்குக் கொடுத்த இடத்தை அவர் கவிதைக்குக் கொடுக்கவில்லை என்பதில் எனக்கே மனத்தாங்கல் உண்டு. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது, அது அட்டவணையில் எழுதாமலே எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க இந்தப் பிரிப்பு போல ஒன்று கிடையாது.

பயிற்சிக் கணக்குகளைப் படியுங்கள்

பலர் பண்பாட்டைத் தேடி மொழிப்பாடத்துக்கும் வரலாற்றுக்கும் ஓடுவார்கள். அங்கே எழுதியவர்கள் உஷாராக இருந்திருப்பார்கள். உஷாரில்லாத இடம் கணக்குப் புத்தகத்தின் பயிற்சிப் பகுதி. அங்கேதான் சமூகம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காற்றாட உட்கார்ந்திருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று. 12 ஆட்கள் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார்கள். 8 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 12-ஐப் பத்தால் பெருக்கினால் 120, எட்டால் வகுத்தால் 15. விடை சரி, மதிப்பெண் முழுசு. இப்போது பென்சிலை எடுத்து, இந்தக் கணக்கு நடக்கும் ஊரில் எதையெல்லாம் உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓரத்தில் எழுதுங்கள். ஆட்கள் எல்லாரும் ஒரே வேகம். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகாது. பத்தாவது நாள் களைப்பும் முதல் நாள் தெம்பும் ஒன்றே. நான்கு பேரைக் குறைத்தது யார், ஏன் என்று கேட்கக்கூடாது. அந்த நான்கு பேர் எங்கே போனார்கள் என்று கேட்கவே கூடாது. வேலை யாருடையது, முடிந்தால் யாருக்கு லாபம் என்பது கணக்கில் இல்லை. 'ஆட்கள்' என்று சொல்லும்போது மனதில் வருவது ஆண்களா பெண்களா என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேடம், இதில் சமூகம் எங்கே இருக்கிறது? வெறும் எதிர்விகிதம்தானே?" என்றாள். நல்ல கேள்வி. எதிர்விகிதத்தைச் சொல்லித்தர வேறு நூறு வழி இருக்கும்போது இந்த ஒரு வழியே ஏன் புத்தகம் புத்தகமாக வருகிறது என்று திருப்பிக் கேட்டேன். அவளிடமும் பதில் இல்லை, என்னிடமும் அன்றைக்கு இல்லை.

கொஞ்சம் வரலாறு உதவும். 1911-இல் ஃபிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர், தொழிற்சாலை வேலையைத் துண்டு துண்டாக அளந்து விரயத்தைக் குறைப்பது எப்படி என்று 'அறிவியல் மேலாண்மை' பற்றிய நூலை வெளியிட்டார். அடுத்த வருஷமே ஃபிராங்க்ளின் பாபிட் என்ற அமெரிக்கக் கல்வியாளர், கல்வியில் விரயத்தை ஒழிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இண்டியானாவின் கேரி நகரப் பள்ளிகளில் மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி வகுப்பறையில் இருக்கும்போது மற்றது பட்டறையிலும் விளையாட்டிடத்திலும் இருக்கும்படி சுழற்றினார்கள். எந்த அறையும் சும்மா கிடக்காது. பாபிட்டுக்கு அது பிடித்திருந்தது. 1918-இல் அவர் எழுதிய நூல்தான் கலைத்திட்டம் என்பதைத் தனித் துறையாக நிறுத்திய ஆரம்பகால நூல்களில் முக்கியமானது. அதன் சாரம்: பெரியவர்கள் வாழ்க்கையில் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடு, அதற்கு வேண்டிய திறன்களைப் பட்டியல் போடு, அந்தப் பட்டியலே பாடம். நம் 12 ஆட்களுக்கும் பாபிட்டுக்கும் நேர் உறவு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆள்-நாள் கணக்கு அவருக்கு எத்தனையோ காலம் முந்தியது. ஆனால் சமூகம் என்பது நிரப்ப வேண்டிய இடங்களின் வரிசை, பள்ளி அதற்கு ஆள் தயார் செய்யும் இடம் என்ற பார்வையை மூன்றே வரியில் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பாடத்துக்குப் பத்துக் கணக்கு எடுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொன்றிலும் யார் செய்கிறார், யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், யார் பேசப்படவே இல்லை என்று நான்கே சொல் எழுதுங்கள். வட்டிக் கணக்கு என்றால் கேள்வி பெரும்பாலும் வட்டி எவ்வளவு என்பதாகவே இருக்கும், ஏன் கடன் வாங்கினார் என்பது இருக்காது.

இது எந்தப் பழைய பார்வை?

இப்போதுதான் கோட்பாட்டை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் கோட்பாட்டைப் புத்தகத்தில் ஒட்டிவிடுவீர்கள்.

மரபான பார்வைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: சமூகம் ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளை அதற்குள் வந்து சேர வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வித்தியாசம்.

'கையளிப்பு' என்ற பார்வையில், முந்தைய தலைமுறை தன்னிடம் இருப்பதை அடுத்த தலைமுறைக்குத் தருகிறது. சமூக வாழ்வுக்கு இன்னும் தயாராகாதவர்கள்மீது வயது வந்த தலைமுறை செலுத்தும் செல்வாக்கே கல்வி என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டர்கைம் வரையறுத்தார். 1938-இல் அமெரிக்காவில் வில்லியம் பேக்லி முதலான கல்வியாளர்கள், அடிப்படையானவற்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள் என்று அறிக்கை விட்டதும் ஏறக்குறைய இதே தடம்தான். பாடநூலில் இதன் அடையாளம் 'நம்', 'நமது' என்ற சொற்கள். அந்த 'நம்'முக்குள் யார் யார் வருகிறார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கோடு போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பார்வைக்குச் சமூகமே முக்கியமில்லை, உண்மைதான் முக்கியம். ராபர்ட் ஹட்சின்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல் இதைப் படிப்படியாக அடுக்கினார்: கல்வி என்றால் கற்பித்தல், கற்பித்தல் என்றால் அறிவு, அறிவு என்றால் உண்மை, உண்மை எங்கும் ஒன்றே, ஆகவே கல்வியும் எங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அடுக்கு அழகாகத்தான் இருக்கிறது. எந்தப் படியில் கால் வழுக்குகிறது என்று தேடுவதை உங்களிடமே விடுகிறேன். இதன் அடையாளம், பாடத்தில் ஆண்டோ இடமோ எழுதியவர் பெயரோ இல்லாத வாக்கியங்கள். எல்லாம் எப்போதும் அப்படியே இருந்த மாதிரி வரும்.

மூன்றாவது, மேலே பார்த்த பாபிட் வழி. 'பயன்படும்', 'தேவைப்படும்', 'திறன்' என்ற சொற்கள் அடிக்கடி வரும்.

ஒரே புத்தகத்தில் மூன்றும் கலந்து இருக்கும். அதனால் எது அதிகம் என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: மரபு என்றாலே பிற்போக்கு என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பயிற்சிக்கு வருபவர்கள் செய்யும் முதல் தவறு இது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் பத்துப் பேர் குழு ஒன்று 1893-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு அறிக்கை கொடுத்தது. படித்து முடித்து எங்கே போகப் போகிறவனாக இருந்தாலும், ஒரு பாடத்தை எடுத்துப் படிக்கும் எல்லாருக்கும் அதை ஒரே மாதிரி, ஒரே அளவில் கற்றுத்தர வேண்டும் என்றது. பழைய பாணி, ஏட்டுக்கல்வி என்று அதைத் திட்டினார்கள். 25 வருஷம் கழித்து, 1918-இல் வந்த இன்னொரு அறிக்கை உடல்நலம், அடிப்படைத் திறன், குடும்ப வாழ்வு, தொழில், குடியுரிமை, ஓய்வு, ஒழுக்கம் என்று ஏழு நோக்கங்களைச் சொன்னது. வாழ்க்கையோடு ஒட்டிய, கனிவான பட்டியல். ஆனால் 'தேவைக்கேற்ற கல்வி' என்ற பேச்சு வந்ததும் யாருடைய தேவை, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. உனக்கு இயற்கணிதம் எதற்கு, பட்டறைக்குப் போ என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல முதல் அறிக்கையில் வழி இல்லை. என்னைக் கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் நான் 1893-இன் பக்கம்.

வினாத்தாளும் விடுபட்டவையும்

1949-இல் ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் கலைத்திட்டத்துக்கு நான்கு கேள்வி வகுத்தார்: நோக்கம் என்ன, அதற்கு என்ன அனுபவம் தர வேண்டும், அவற்றை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது. எழுதும்போது இந்த வரிசை. படிக்கும்போது நான்காவதிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

வினாத்தாளில் வினைச்சொற்களை மட்டும் எண்ணுங்கள். 'கூறுக', 'வரையறு', 'பட்டியலிடு' எத்தனை. 'ஒப்பிடு', 'ஏன்', 'நீ என்ன நினைக்கிறாய்' எத்தனை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள். முதல் பக்கத்தில் 'சிந்தனைத் திறன்' என்று இருந்தால் அதற்கு நேராக இந்தக் கூட்டுத்தொகையை எழுதி வையுங்கள். விளக்கம் வேண்டாம்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம், இல்லாததைக் கண் பார்க்காது. எலியட் ஐஸ்னர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1979-இல், பள்ளி கற்றுத்தராமல் விடுவதும் ஒரு கலைத்திட்டமே என்று சொல்லி அதற்குத் தனிப் பெயரும் வைத்தார். நான் செய்யும் குறுக்குவழி இது. பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் போன வாரம் செய்த பத்து வேலைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்டது, படிவம் நிரப்பியது, கடன் தவணை கட்டியது, உடைந்த குழாயைச் சரிசெய்தது, சண்டையைத் தீர்த்து வைத்தது, துக்கத்துக்குப் போய் வந்தது. எது எது பாடநூலில் இருக்கிறது என்று டிக் அடியுங்கள். நான் சேர்த்த பட்டியல்களில் மூன்று டிக் விழுந்தாலே அதிகம். எல்லாமே பாடத்தில் வர வேண்டும் என்பதில்லை, அப்படிப் போனால் பாபிட்டிடமே போய் நிற்போம். ஆனால் விழாத டிக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வேலைகளாகவும், அவற்றைச் செய்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாகவும் இருந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிப்பு கிடைத்திருந்தால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, நீக்கப்பட்டதை மட்டும் பாருங்கள். சேர்ப்பதற்கு நாலு பேர் கையெழுத்துப் போடுவார்கள். நீக்கியது யார் என்று கேட்டால் எல்லாரும் பக்கத்து நாற்காலியைக் காட்டுவார்கள். ஓவியப் பாடவேளையை நீக்கியது யார் என்று இன்றைக்குக் கேட்டால் நானும் அப்படித்தான் காட்டுவேன்.

முடிந்தால் ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். 40 நிமிஷத்தில் ஒரு பிள்ளை சும்மா காத்திருக்கும் நேரத்தை மட்டும் கடிகாரத்தில் அளவெடுங்கள்: வரிசையில், கை தூக்கியபடி, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை. ஃபிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1968-இல் 'மறைமுகக் கலைத்திட்டம்' என்று பெயர் கொடுத்தது இதற்கெல்லாம்தான். கூட்டத்தில் இருப்பது, பாராட்டுக்குக் காத்திருப்பது, அதிகாரத்துக்கு அடங்குவது என்று மூன்றையும் அவர் கவனித்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம், தினமும் நடக்கிறது.

எழுதும்போது

கண்டதை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். சதி என்ற சொல்லைத் தவிருங்கள். பெரும்பாலும் சதி இருக்காது, முந்தைய புத்தகத்தைப் பார்த்து எழுதிய பழக்கம் இருக்கும். எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் குழுவில் கணக்குப் பயிற்சிகளை எழுதும் வேலை எனக்கும் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு, மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். பழைய புத்தகத்தைத் திறந்தேன். 15 ஆட்கள் 12 நாளில் முடிப்பார்கள் என்று இருந்தது. 12, 10 என்று மாற்றினேன். அந்தக் கணக்கு என் கையெழுத்தில்தான் அச்சுக்குப் போனது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, அன்றைக்குக் கேள்வி கேட்ட அதே பெண் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துப் போனில் பேசினாள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கரும்பலகையில் போட்டாளாம்: 12 பேர், 10 நாள் வேலை, அதில் ஒருவருக்கு நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் காய்ச்சல். மீந்த இரண்டு ஆள்-நாள் வேலையை யார் செய்வது? பதினோராம் நாள் எல்லாரும் ஆறில் ஒரு பங்கு நேரம் கூடுதலாக இருந்தால் போதும் என்று ஒருவன் உடனே போட்டுவிட்டான். காய்ச்சல்காரருக்கு அந்த இரண்டு நாள் கூலி உண்டா என்று இன்னொருத்தி கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். மணி அடித்தும் முடியவில்லை.

"அப்புறம் போர்ஷன்?" என்று கேட்டேன்.

"அடுத்த நாள் ஓவிய டீச்சரிடம் பாடவேளை வாங்கித்தான் முடித்தேன், மேடம்" என்றாள்.